பிக்கப்பிலிருந்து பத்து சக்கர லாரிக்கு: ஹெவி லைசென்ஸ் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சில ஆண்டுகளாகப் பிக்கப் வண்டியில் நண்டும் கணவாயும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு ஓட்டுகிறார். கையில் இலகுரக வாகன உரிமம் இருக்கிறது. முதலாளி பத்து சக்கர லாரி வாங்கப்போவதாகச் சொல்லி, ஹெவி லைசென்ஸ் எடுத்துவிடு என்கிறாராம். தேர்வு எப்படி இருக்கும், எதைப் பழக வேண்டும், ரிவர்ஸ் எடுப்பதில் தவறிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதே, பேசாமல் ஏஜென்டிடம் பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள். இந்தத் தடத்தில் லாரி ஓட்டி, பிறகு ஓட்டுநர் பயிற்சியும் கொடுத்து வருகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம், தம்பி. லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு உரிமம் கேட்பவர் பயிற்சிப் பள்ளியின் ஓட்டுநர் சான்றிதழை, அதாவது படிவம் 5ஐ, இணைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வண்டியில் ஏறாமலேயே அந்தச் சான்றிதழை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் செலவைக் குறைக்கவில்லை. உங்களுக்குச் சேர வேண்டிய பயிற்சியைத்தான் எடுத்துக்கொள்கிறார். அதிலும் உங்களைப் போல ஏற்கெனவே நன்றாகப் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கே இதில் ஆபத்து அதிகம் என்பேன். சாலை பழக்கம், இரவு ஓட்டம் பழக்கம், கியர் பழக்கம் என்று எல்லாம் இருப்பதால், லாரி என்பது கொஞ்சம் பெரிய பிக்கப்தான் என்ற எண்ணம் தன்னால் வந்துவிடும். உண்மையில் லாரியின் பிரேக் வேறு, லாரியின் பின்பகுதி நகரும் விதமும் வேறு. இந்த இரண்டையும் புதிதாகக் கற்றுக்கொண்டால் தேர்வு பெரிய விஷயமில்லை. கற்றுக்கொள்ளாமல் தேர்வில் தப்பித்தாலும் சாலையில் தப்பிக்க முடியாது.

சட்டம் கேட்பது அதிகமில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்றுக் குறைந்தது ஓராண்டு ஆகியிருந்தால்தான் அதற்கான எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், கிடைக்கும். முன்பு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் கட்டாயமாக இருந்தது. 2019இல் அதை எடுத்துவிட்டார்கள். பள்ளியை இடையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போன நம் பகுதிப் பிள்ளைகள் பலர் இது தெரியாமல், நமக்கெல்லாம் கிடைக்காது என்று இன்னும் ஒதுங்கி நிற்கிறார்கள். உங்கள் பழக்கத்தில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டதால், இன்று நீங்கள் ஓட்டும் பிக்கப்புக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பத்து சக்கர லாரி சுமையோடு 28.5 டன் வரை போகும் வண்டி. அதை இந்த உரிமத்தோடு எடுத்து ஒரு விபத்து நேர்ந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டுத் தொகையை உங்கள் முதலாளியிடமே திருப்பிக் கேட்கும். எனவே உரிமம் வரும் முன்பு, துறைமுகத்துக்குள் கொஞ்ச தூரம் நகர்த்திவிடு என்று சொன்னால்கூட ஏறாதீர்கள்.

எப்போது தொடங்குவது என்பதில் நம் கரைக்கென்று ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வந்துகொண்டிருந்தாலும் லோடு பாதிக்கும் கீழே போய்விடும். பிக்கப் ஓட்டுநர்கள் பலர் அப்போது வேலையில்லாமல்தான் இருப்பார்கள். எல்.எல்.ஆர். எடுத்த 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும் என்பதால், மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டால், தடைக்காலம் முழுவதையும் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் முன்பே ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தேர்வையும் முடித்துவிடலாம். கத்திரி வெயிலில் கேபினுக்குள் உட்கார முடியாது. விடியற்காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மருத்துவச் சான்று படிவம் 1ஏ கட்டாயம். இதைக் கையெழுத்துக்காக மட்டும் வாங்க வேண்டாம். 25 மீட்டர் தூரத்திலிருந்து வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிய வேண்டும், நிறங்களைப் பிரித்தறிவதில் கடுமையான குறை இருக்கக் கூடாது என்பவை அதில் வருகின்றன. வெயிலும் உப்புக்காற்றும் பட்டுக் கடலில் கிடந்தவர்களுக்குக் கண்ணின் வெள்ளைப்பகுதியில் சதை வளர்ந்து கருவிழிப் பக்கம் ஏறுவது உண்டு. உறுத்தலும் கலங்கலுமாகத் தொடங்கும் அது, இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் விழும்போதுதான் தன் வேலையைக் காட்டும். படகில் போன பழக்கம் உங்களுக்கு இருந்தால் முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு சான்றுக்குப் போங்கள்.

இனி பிரேக். உங்கள் பிக்கப்பில் மிதித்தவுடன் எண்ணெய் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்விடும். லாரியில் வேலை செய்வது காற்று. என்ஜின் ஓடும்போது கம்ப்ரஸர் காற்றை டேங்குகளில் நிரப்புகிறது. நீங்கள் மிதிக்கும்போது அந்தக் காற்று குழாய் வழியே போய்ப் பிரேக்கை அழுத்துகிறது. இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். முதலாவது, காற்று போய்ச் சேர ஒரு சிறு நேரம் பிடிக்கும். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் நகர்கிறது. அரை நொடி தாமதம் என்றால் ஐந்தரை மீட்டர், அதாவது முன்னால் நிற்கும் ஒரு காரின் நீளத்துக்கும் மேல். இரண்டாவது, காற்று தீர்ந்துபோகக் கூடியது. பிக்கப்பில் விட்டுவிட்டு மிதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் லாரியிலும் அதையே செய்து, ஒவ்வொரு மிதிக்கும் காற்றை வெளியே விட்டு அழுத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். லாரியில் முன்கூட்டியே ஆக்சிலரேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, புகை போகும் வழியை அடைத்து என்ஜினாலேயே வேகத்தை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் பயன்படுத்தி வேகத்தைத் தணித்து, கடைசியில் ஒரே சீரான மிதியாக மிதித்து, வண்டி நிற்பதற்குச் சற்று முன் காலை லேசாகத் தளர்த்த வேண்டும். அப்படி நிறுத்தினால் கேபின் முன்னும் பின்னும் ஆடாது. சோதிக்கிறவர் அந்த ஆட்டத்தை வைத்தே ஓட்டுநர் எந்த வண்டியில் பழகியவர் என்று சொல்லிவிடுவார்.

ஏறி ஸ்டார்ட் செய்தவுடன் கிளம்பக் கூடாது. காற்றழுத்த மீட்டரில் முள் ஏறி, எச்சரிக்கை விளக்கும் பஸ்ஸர் சத்தமும் நின்று, அழுத்தம் முழு அளவுக்கு வந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை எடுக்க வேண்டும். லாரியின் ஹேண்ட் பிரேக் உள்ளே இருக்கும் கனத்த ஸ்பிரிங்கால் பிடிக்கிறது. அதை விடுவிப்பதற்குத்தான் காற்று தேவை. காற்றில்லாத வண்டி நகராமல் நிற்பது இதனால்தான். தினமும் ஒருமுறை என்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. நம் கரையில் இந்தச் சோதனைக்குக் கூடுதல் அவசியம் உண்டு. உப்புக்காற்று பிரேக் குழாய்களின் இணைப்புகளையும் வீல் நட்டுகளையும் அரிக்கிறது. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் சேஸிஸில் தேங்கி உள்ளிருந்தே துருவை வளர்க்கிறது. காற்று டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவதைப் பயிற்சி நாள்களிலேயே கையால் செய்து பழகுங்கள். கிளீனர் பார்த்துக்கொள்வார் என்று விடுகிற வேலையல்ல இது.

அடுத்தது பின்சக்கரம். திருப்பத்தில் லாரியின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும்; வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வெட்டும். கீழக்கரை போன்ற நெருக்கமான ஊரில், அல்லது ஜெட்டியிலிருந்து சாலைக்கு ஏறும் இடத்தில், பிக்கப்பைத் திருப்புகிற இடத்திலேயே லாரியையும் திருப்பினால் இடப்பக்கப் பின்சக்கரம் சாக்கடை மூடியின் மேலோ, அதைவிடக் கொடுமையாக, அந்த இடைவெளியில் நுழைந்துவிட்ட ஒரு டூவீலரின் மேலோ ஏறும். முன்பகுதி திருப்பத்தைத் தாண்டிப் போன பிறகே ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். ஒடிக்கும்போது கண் இடப்பக்கக் கண்ணாடியில், பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியில் பின் டயர் தெரியவில்லை என்றால் கண்ணாடியைச் சரிசெய்யும் வரை வண்டியை எடுக்காதீர்கள். தேர்வில் நான் கண்ட தோல்விகளில் பல இதில் நிகழ்ந்தவை. திருப்பத்தில் முன்னால் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீங்கள் பயப்படும் ரிவர்ஸுக்கு வருகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 15ஆம் விதி தேர்வில் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறது. குறுகிய ஓர் இடைவெளிக்குள் வலமாகவோ இடமாகவோ பின்னோக்கி நுழைவதும் அதில் ஒன்று. இதற்கு வலிமை வேண்டாம், அவசரமின்மை வேண்டும். ஓர் உபாயம் சொல்கிறேன். ஏதாவது ஒரு வெற்றுத் திடலில் காலி மீன் பெட்டிகளை இரண்டிரண்டாக அடுக்கி, மூன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் போல வையுங்கள். லாரியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, முதலில் நேராகப் பின்னால் போய் நுழையுங்கள். பிறகு வலப்பக்கத்திலிருந்து, கடைசியில் இடப்பக்கத்திலிருந்து நுழையுங்கள். இடப்பக்கம்தான் கடினம், ஏனென்றால் அந்தப் பக்கத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்க முடியும். கைக்குப் பிடிபட்டதும் வாசலை மூன்று மீட்டராகக் குறைத்துவிடுங்கள்.

ஓட்டும்போது ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டியதே இல்லை. கிளட்ச்சை மெல்ல விட்டால் வண்டி தானாக ஊர்ந்து போகும். பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பி, சிறிதாகத் திருப்பி, அது வேலை செய்யும் வரை காத்திருங்கள். புதியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். பின்பகுதி இன்னும் திரும்பவில்லையே என்று மேலும் ஒடிப்பார்கள், இரண்டும் சேர்ந்து வண்டி குறுக்கே போய்விடும். கோணல் ஆகிவிட்டது என்று தெரிந்தவுடன் நிறுத்தி, முன்னால் எடுத்து, நேராக்கிக்கொண்டு மறுபடி வாருங்கள். இதைத் தேர்விலும் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். வண்டி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதைத்தான் ஆய்வாளர் பார்க்கிறார். நிதானமாக ஒருமுறை நேராக்கிக்கொள்வதைவிட, பிடிவாதமாகப் பின்னால் போய்ப் பெட்டியைத் தட்டுவதே மோசம். கிளீனர் பின்னால் நின்று, வரலாம் வரலாம் என்று கையைத் தட்டினாலும் அவர் கண்ணாடியில் தெரியும் வரைதான் அந்தக் குரலுக்கு மதிப்பு. அவர் மறைந்துவிட்டால் அந்த நொடியே நிறுத்துங்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இறங்கிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் ஓட்டுநரிடம் நான் யாரையும் பழக அனுப்புவதில்லை.

நம் மாவட்டம் தட்டையான பூமி என்பதால் இங்கே பழகுகிறவர்களுக்கு ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பது வராமல் போய்விடுகிறது. அதற்கு நமக்கு வாய்த்த நல்ல ஏற்றம் பாம்பன் சாலைப்பாலம்தான். 1988இல் திறக்கப்பட்ட, இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தப் பாலம் படகுகள் கீழே போவதற்காக நடுவில் உயர்ந்திருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் கடலையும் ரயில் பாலத்தையும் பார்க்க உச்சியில் காரை நிறுத்திவிடுவார்கள். பின்னால் வரும் லாரி ஏற்றத்திலேயே நிற்க வேண்டியதாகும். அங்கே ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடிக்கும் இடம் வந்து என்ஜின் சத்தம் கனப்பதைக் கேட்ட பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டால், ஓரங்குலமும் பின்னால் உருளாமல் வண்டி கிளம்பும். கிளட்ச்சைப் பாதியில் வைத்தே வண்டியைப் பிடித்து நிற்பது கூடாது. அது கிளட்ச் தட்டைத் தீய்த்துவிடும். பயிற்றுநருடன், எல் பலகையோடு, சுற்றுலாக் கூட்டம் வருவதற்கு முந்திய அதிகாலையில் இதைப் பழகுங்கள்.

பாலத்தில் காற்றையும் கற்றுக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவத்தில் சோழகம் என்னும் தென்காற்றும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றும் பக்கவாட்டில் அடிக்கும். பாரம் ஏற்றிய லாரியைவிட, கூண்டு கட்டிய வெற்று லாரியையே காற்று அதிகம் தள்ளும். எதிரே பேருந்து கடக்கும்போது அது காற்றை ஒரு கணம் மறைத்துவிட்டு, கடந்ததும் மொத்தமாகத் திருப்பி விடும். அந்தக் கணத்தில் ஒரு கையால் ஸ்டீயரிங்கையும் மறு கையால் செல்போனையும் பிடித்திருப்பவர் வண்டியை அடுத்த தடத்துக்குக் கொண்டுபோய்விடுவார். தனுஷ்கோடிப் பக்கம் போனால் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலையின் மேல் மணல் படிந்திருக்கும். மணலில் திடீர்ப் பிரேக் வேண்டாம்.

பயிற்சிப் பள்ளி லாரிகள் பெரும்பாலும் வெறும் வண்டிகள். ஆகவே உரிமம் வரும் முன்பே, பாரத்தோடு போகும் ஒரு லாரியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு முறையாவது போய் வாருங்கள். பழைய ஓட்டுநர் எந்த இடத்தில் காலை எடுக்கிறார், உச்சிப்புளி போன்ற ஊர்களுக்குள் நுழையும் முன் எவ்வளவு தூரத்திலேயே கியரைக் குறைக்கிறார் என்று கவனியுங்கள். ஓட்டாமல் பார்ப்பதிலேயே பாதி விளங்கிவிடும்.

தேர்வு நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்பதிவு செய்த நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். பழைய உரிமம், எல்.எல்.ஆர்., படிவம் 5, மருத்துவச் சான்று ஆகியவற்றின் அசலும், கொண்டுபோகும் லாரியின் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவையும் நடப்பில் இருக்க வேண்டும். கைலியும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பேன்ட்டும் பிடிப்புள்ள ஷூவும் போடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறோம்; அவர் ஏறும் முன்பே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரையும் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா என்பதையும் விளக்குகளையும் பாருங்கள். ஏறிய பின் இருக்கை, கண்ணாடி, சீட் பெல்ட், காற்றழுத்தம் என்று இதே வரிசையில் முடித்துவிட்டு, இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்துக் கிளம்புங்கள். சாலைக் குறியீடுகளும் கை சைகைகளும் கேட்பார்கள். பிக்கப்பில் கை சைகை மறந்துபோயிருக்கும், ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது கேட்கவில்லை என்றால், சார், மறுபடி சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. ஊகித்துக்கொண்டு திருப்புவதுதான் தவறு.

தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறையும் தேறவில்லை என்றால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். என்ன தவறு என்று ஆய்வாளரிடமே கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அதை மட்டும் பழகிவிட்டுப் போங்கள். உரிமம் வந்தால் ஐந்தாண்டு செல்லும்; காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் விட்டுவிட்டால் மறுபடி தேர்வுக்கு நிற்க வேண்டியிருக்கும் என்பதால் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். பின்னாளில் பெட்ரோல், கேஸ் டேங்கர் ஓட்ட நினைத்தால் ஆபத்தான சரக்குகளுக்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் தேவை. வளைகுடாவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்த உரிமமும் அனுபவமும் வேலை கேட்க உதவும். ஆனால் அமீரகம் போன்ற நாடுகளில் வலப்பக்க ஓட்டத்தில் அவர்களுடைய தேர்வைத் தனியாக எழுதித்தான் ஆக வேண்டும்.

இன்னும் ஒன்றை உங்கள் முதலாளியிடம் நீங்களே கேட்க வேண்டும். உரிமம் வந்த முதல் சில மாதங்கள் மீன் லோடு வேண்டாம் என்று சொல்லுங்கள். மீன் லோடுக்கு நேரம் உண்டு. ஐஸ் உருகும், ஏலத்துக்குள் போய்ச் சேர வேண்டும், போன் மேல் போன் வரும். புதிய கைக்கு அந்த அவசரம் ஆகாது. வாலிநோக்கம் உப்பு, சாயல்குடிப் பக்கத்துக் கரி என்று தாமதமானாலும் கெட்டுப்போகாத லோடுகள் நம் பகுதியில் நிறைய இருக்கின்றன. அவற்றில், பழைய ஓட்டுநர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பகலில் ஓட்டிப் பழகுங்கள். இந்தப் பேச்சை லாரி வாங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். வண்டி வந்துவிட்டால் மாதத் தவணையும் தொடங்கிவிடும், அப்புறம் அவரால் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது.